முற்றுகைக்குள் வாங்கிய காணி

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்று. எப்படியும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவருக்கு எரேமியா 32:27 வந்துவிடும்: "இதோ, நான் மாம்சமான யாவருக்கும் தேவனாகிய கர்த்தர், என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" அது கிடைத்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டாமல் இருக்க மாட்டார். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ லயத்துக் காம்பராக்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு அறைகளில், இந்த வசனம் போட்ட கலண்டர் தொங்குகிறது. வருடம் முடிந்தும் கழற்ற மனம் வராமல் அப்படியே விட்டுவிடுவார்கள்.

எனக்கும் பிடித்த வசனம். ஆனால் அது எந்தச் சம்பவத்தின் நடுவில் வருகிறது என்று பார்த்தால் அதன் கனமே வேறு. அந்த அதிகாரத்தில் வியாதி எதுவும் குணமாகவில்லை, கடல் பிளக்கவில்லை. ஒரு மனிதர் காணி வாங்குகிறார். பணத்தை நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதுகிறார், சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறார். அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோனதிலிருந்து எங்கள் மலைநாட்டில் வீட்டை விட்டு வந்த குடும்பங்கள் ஏராளம். நூற்றுக்கணக்கான உயிர்கள் போய்விட்டன. மண்ணுக்குள் போன வீடுகள் ஒரு பக்கம். நின்றுகொண்டிருந்தாலும் திரும்பிப் போகக்கூடாது என்று சொல்லப்பட்ட வீடுகள் இன்னொரு பக்கம். பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிற தாய்மார் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், இனி எங்க போறது?" நானும் அப்படி ஒரு மண்டபத்தில் என் அம்மாவோடும் பிள்ளைகளோடும் இருந்தவள். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

எரேமியா தீர்க்கதரிசிக்கு வருகிறேன்.

யூதா தேசத்துச் சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் படை எருசலேமை வளைத்துக்கொண்டு நிற்கிறது. ஊருக்குள் சாப்பாடு தீர்ந்துகொண்டு வருகிறது. எரேமியாவோ காவற்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். நகரம் பிடிபடும் என்று தேவன் சொன்னதை மறைக்காமல் சொன்னதுதான் அவர் செய்த குற்றம். அந்த நேரத்தில் அவருடைய தகப்பனின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, "ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள்" என்கிறார். ஆனதோத் எருசலேமிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கிராமம். எரேமியாவின் சொந்த ஊர். முற்றுகை போட்ட படை நகரத்தைச் சுற்றி நிற்கும்போது அந்த நிலம் யார் கையில் இருந்திருக்கும் என்று சொல்லவே தேவையில்லை. போய்ப் பார்க்கக்கூட முடியாத நிலம்.

அதற்குப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் இரண்டாக எழுதப்படுகிறது, ஒன்று முத்திரை போட்டது, ஒன்று திறந்தது. காவற்சாலை முற்றத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் முன்பாக இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கின் கையில் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னார் என்கிறார்.

இதை எங்கள் ஆட்கள் வாசித்தால் மற்றவர்கள் வாசிப்பது போல் வாசிக்க மாட்டார்கள். எங்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் என்றால் என்னவென்று தெரியும். இல்லாததால் தெரியும். தென்னிந்தியாவிலிருந்து முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் வந்து, இருநூறு வருடமாக இந்த மலைகளில் கொழுந்து பறித்தும் கான் வெட்டியும் கவ்வாத்து வெட்டியும் வாழ்கிற சனம். 1948இல் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஒரே அடியில் நாடற்றவர்களானோம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அம்மாயியின் கூடப்பிறந்தவர்கள் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். அம்மாயி இங்கே நின்றார். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். சரி, நாடு கிடைத்தது. ஆனால் நிலம்? தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து கம்பனிகள் பார்க்கின்றன. லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை பிறந்து செத்தாலும் அது தோட்டத்து வீடுதான். வாசலில் ஒரு கத்தரிக்காய்ப் பாத்தி போடுவதற்கும் யாரையாவது கேட்கவேண்டிய காலம் இருந்தது.

அதனால் மண் சரியப்போகிறது, எழும்பிப் போ என்று சொன்னால் எங்கள் சனத்துக்குப் போக இடமில்லை. இதைத்தான் நான் கூடாத காரியம் என்கிறேன். பிடிவாதத்தால் இருக்கிறார்கள் என்று வெளியூரில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டால் மனம் கொதிக்கும். காலடியில் மண் நகர்கிறது, பக்கத்தில் இருக்கிற நிலம் ஒன்றும் உன்னுடையது இல்லை. எங்கே போவது?

எங்கள் லயத்துக்குப் பின்னால் வெடிப்பு விழுந்தது டித்வாவுக்குப் பல வருடம் முன்பு, ஒரு ஐப்பசி மழையில். ஊவாப் பக்கத்துக்கு அப்போதுதான் மழை. முதலில் கண்டது பக்கத்துக் காம்பரா அக்கா. பீலித் தண்ணி திடீரென்று மண் நிறமாக வந்தது என்று சத்தம் போட்டார். அப்புறம் நாங்கள் எல்லாரும் பின்பக்கம் ஏறிப் போய்ப் பார்த்தோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கையை நுழைக்கிற அகலத்தில், மண் வாய் பிளந்து கிடந்தது. சவுக்கு மரம் ஒன்று லயத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. என் மகன் ஒரு குச்சியை உள்ளே விட்டான். குச்சி முழுவதும் போய்விட்டது, அடி தட்டவில்லை. அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், காம்பராவுக்குள் போய் உடுப்பைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அம்மா அவ்வளவு வேகமாக எழும்பியதற்குக் காரணம் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்கள் அப்படியே புதைந்தன. அந்த இடம் ஆபத்து என்று அதற்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. போக இடம்தான் இல்லை. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்குத் தாய் தகப்பன் இல்லை. எங்கள் சபையிலிருந்து உடுப்பும் பால்மாவும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனோம். அங்கே ஒரு தாய், எங்களை யாரென்று விசாரித்துவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்: "நாங்களுந்தானே டீச்சர் சாமிய கும்பிட்டோம்?"

பதில் சொல்ல அன்று எனக்கு வாயில்லை, இன்றும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களோடு வந்த ஒருவர் ஏதோ வசனம் சொல்ல வாயெடுத்தார். போதகர் அவர் தோளில் கை வைத்து நிறுத்தினார். அந்த ஒரு காரியத்துக்காக நான் எங்கள் போதகரை என்றும் மதிப்பேன்.

இதைச் சொல்லாமல் விசுவாசத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. தப்பியவர்களுக்கு விசுவாசம் இருந்தது, போனவர்களுக்கு இல்லை என்பது போல் சாட்சி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போதே நெஞ்சு வலிக்கும். எபிரெயர் பதினோராம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தவர் யாரும் அப்படிப் பேச முடியாது. விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாய்களை அடைத்தவர்களும், வாளால் வெட்டுண்டு மரித்தவர்களும் அங்கே ஒரே பட்டியலில்தான் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் தேவன் ஒரே நற்சாட்சிதான் கொடுக்கிறார்.

சரி, எங்கள் கதை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்து பார்த்தார்கள், லயத்தில் இருக்கக்கூடாது என்று எழுத்தில் கொடுத்தார்கள். பாடசாலை மண்டபத்துக்குப் போனோம். மழை விட்டது. வெயில் வந்தது. பாடசாலையைத் திறக்க வேண்டும் என்றார்கள். எங்கே போகச் சொல்கிறீர்கள் என்றால், காணி பார்க்கிறோம் என்ற பதில். பல குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பழைய லயத்துக்கே திரும்பின, மழை வரும் இரவுகளில் மட்டும் எங்காவது போய்ப் படுப்பது என்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயே வராது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போகவேண்டும், பிள்ளைக்குச் சமைக்க வேண்டும், எத்தனை நாள் பிறத்தியார் கூரையின் கீழ் இருப்பது?

எங்களுக்குச் சபை ஓர் அறையைத் தந்தது. அங்கே இருந்துகொண்டுதான் அம்மா பேப்பர் வேலையைத் தொடங்கினார்.

அம்மாவின் பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. பிறப்புப் பதிவில் இருப்பது குலதெய்வத்தின் பெயர். அம்மாயி குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்தபோது அம்மாவுக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு பெயர், எழுதியவர் காதில் விழுந்தபடி. அடையாள அட்டை எஸ்தர் என்று இருந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. சாதாரண நாட்களில் அது ஒன்றும் செய்யாது. வீட்டுத்திட்டம், காணி, சேமலாப நிதி என்று வரும்போது கழுத்தைப் பிடிக்கும்.

அப்போது வீட்டுக்கான எந்தப் பட்டியலும் இல்லை. எங்கள் தோட்டத்துக்கு வீடு வருகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவின் கையில் இருந்தது சேமலாப நிதியில் மிச்சம் பிடித்த கொஞ்சப் பணம். அதில் சத்தியக்கடதாசி, மொழிபெயர்ப்பு, பஸ் காசு, போட்டோ கொப்பி என்று செலவழிக்கத் தொடங்கினார். கொழும்பில் கடையில் வேலை செய்கிற என் தம்பி போனில் சத்தம் போட்டான்.

"இல்லாத காணிக்கு எதுக்கும்மா பேப்பரு? அந்தக் காசுல ரெண்டு மாசம் சாப்பிடலாமே."

"குடுக்கிறவரு குடுக்கிறப்ப குடுக்கட்டும்யா. அன்னைக்கு நம்ம பேரு சரியா இருக்கணும்" என்றார் அம்மா.

அம்மா பெரிய ஜெபவீராங்கனை என்று யாரும் நினைக்க வேண்டாம். கூட்டத்தில் எழும்பிச் சத்தமாக ஜெபிக்க மாட்டார். ஐந்தாம் வகுப்போடு மலைக்குப் போனவர், முப்பது வருடத்துக்கு மேல் கூடை சுமந்தவர், தலையில் கயிறு பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. ஆனால் வேதத்தை வரிசையாகக் கேட்பார். கண் பார்வை குறைந்ததிலிருந்து இரவில் ஓர் அதிகாரம் நான் வாசிக்க வேண்டும். எது பிடிக்கும் எது பிடிக்காது என்று எதையும் தாண்ட விடமாட்டார். லேவியராகமத்தையும் அப்படித்தான் கேட்டார். அந்த அறையில் நாங்கள் இருந்த நாட்களில் ஏசாயா முடிந்து எரேமியாவில் நின்றோம்.

முப்பத்திரண்டாம் அதிகாரம் வாசித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்திரத்தை மண்பாண்டத்தில் வைத்த இடம் வந்ததும் அம்மா எழும்பி உட்கார்ந்தார். எங்கள் பேப்பர் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருந்தது, மூடியைச் சுற்றி உரப்பை பொலித்தீன் கட்டி. தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடிதத்திலிருந்து என் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை வரைக்கும் அதில்தான். லயத்தை விட்டு வந்த அன்று அம்மா முதலில் தூக்கியது அதைத்தான்.

"அந்தாளு மண்பானையில வச்சாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "மேல வாசி."

மேலே வாசித்தேன். பத்திரம் கொடுத்து முடித்தபிறகு எரேமியா ஜெபிக்கிறார். இந்த ஜெபம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிது. வானத்தையும் பூமியையும் படைத்தவரே, உம்மாலே செய்யக்கூடாத காரியம் ஒன்றுமில்லை என்று தொடங்குகிறார். எகிப்திலிருந்து சனத்தைக் கொண்டுவந்ததைச் சொல்கிறார். அப்புறம் மண்மேடுகளைக் காட்டுகிறார். எதிரி நகரத்துக்கு ஏறி வருவதற்குப் போட்ட மேடுகள். இதோ, நீரே பார்க்கிறீர் என்கிறார். கடைசியில், நகரமோ கல்தேயராகிய பாபிலோனியர் கைக்குப் போகிறது, நீரோ என்னைப் பணம் கொடுத்து நிலம் வாங்கச் சொன்னீரே என்று நிறுத்துகிறார். அங்கே ஆமென் இல்லை. புரியாமல் நிற்கிற ஒரு மனிதரின் கேள்விதான் இருக்கிறது.

வாங்கியபிறகு கேட்கிறார், பாருங்கள். சந்தேகம் தீர்ந்தபின் கீழ்ப்படியவில்லை. கீழ்ப்படிந்துவிட்டு, அந்தச் சந்தேகத்தை அப்படியே தேவனிடமே கொண்டுபோகிறார். அந்தக் கேள்விக்குத்தான் தேவன், என்னாலே செய்யக்கூடாத காரியம் ஒன்றுண்டோ என்கிறார். கலண்டரில் இருப்பது அந்தப் பதில். நகரம் விழாது என்று அப்போதும் சொல்லவில்லை. விழும் என்றுதான் அடுத்த வசனங்களில் சொல்கிறார். விழுந்தபிறகு திரும்பக் கொண்டுவருவேன், அப்போது நிலங்களைப் பணம் கொடுத்து வாங்குவார்கள், பத்திரம் எழுதுவார்கள், சாட்சி வைப்பார்கள் என்கிறார். கச்சேரியில் நடக்கிற பத்திர வேலையைத் தேவன் இவ்வளவு விவரமாகப் பேசுகிற இடம் வேதத்தில் வேறு உண்டோ என்று எனக்குத் தோன்றும். எங்கள் சனத்துக்கு இது சாதாரண வார்த்தை கிடையாது.

அம்மா கேட்டார்: "கடைசியில அந்த நெலத்துல அவரு இருந்தாரா?"

வாசித்துப் பார்ப்போம் என்றேன். சில இரவுகள் கழித்து நாற்பத்து மூன்றாம் அதிகாரம் வந்தது. சனம் அவர் பேச்சைக் கேட்காமல் எகிப்துக்கு ஓடுகிறது, எரேமியாவையும் சேர்த்துக்கொண்டு போகிறது. தக்பானேஸ் என்ற ஊர்வரை போனதாக இருக்கிறது. ஆனதோத்துக்குத் திரும்பியதாக எங்கும் இல்லை. அவருக்குப் பிள்ளைகளும் இல்லை, பெண் கொள்ள வேண்டாம் என்று தேவன் முன்பே சொல்லியிருந்தார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அது வேற யாருக்கோ வாங்கினது" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் தேடிப்போய்க் கண்டது எஸ்றா இரண்டாம் அதிகாரம். பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் கணக்கு. ஆராதனையில் யாரும் வாசிக்காத பகுதி, பெயரும் தொகையும் மட்டும்தான். அதில் இருபத்து மூன்றாம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். நெகேமியா ஏழிலும் அதே 128. யாரோ ஒரு தாத்தா, ஒரு பேரன், அந்த ஊருக்குத் திரும்பி வந்து அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பாக, யாரும் நம்பாத நாளில், அந்த ஊர்க்காரர் ஒருவர் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, இங்கே மறுபடியும் வாழ்வு உண்டு என்று எழுதி வைத்திருந்தார்.

நான் தேவனை நம்புவது என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறேன். நான் கேட்டது எனக்குக் கிடைத்தே தீரும் என்கிற தைரியம் எனக்கு இல்லை, அப்படி ஒரு தைரியத்தை வேதம் எனக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை. அவர் உண்மையுள்ளவர், இந்த மண்ணையும் எங்கள் சனத்தையும் மறக்கமாட்டார். அதை நம்புகிறபடியால் இன்றைக்குச் செய்யவேண்டியதைச் செய்கிறேன், பலன் என் கைக்கு வந்தாலும் என் பேத்தி கைக்கு வந்தாலும். மண் நகர்கிறதே ஆண்டவரே என்று அழுவதும் அதற்குள் அடங்கும்.

பெயர்த் திருத்தம் முடிய நீண்ட காலம் எடுத்தது. ஓர் அலுவலகத்தில் ஒன்று சொன்னார்கள், இன்னொன்றில் வேறு சொன்னார்கள், சிங்களத்தில் எழுதிய கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் அம்மா பஸ் நிலையத்தில் ஆள் தேடிய நாளும் உண்டு. ஞானஸ்நானப் பெயருக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். அங்கேதான் சபை கைகொடுத்தது. தோட்டத் தமிழர் மத்தியில் மிஷன் ஊழியம் தொடங்கியது 1854இல். அந்தக் காலத்திலிருந்தே பதிவேடு வைக்கிற பழக்கம் எங்கள் பழைய சபைகளில் உண்டு. போதகர் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து தடித்த பதிவேடுகளை இறக்கினார். கறையான் தின்ற ஓரங்களை மெதுவாகப் புரட்டி, ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துக்கொண்டு வந்தார். அம்மாயியின் பெயர், அடுத்த வரியில் அம்மாவின் இரண்டு பெயர்களும், பழையதும் புதியதும், ஒன்றன்பின் ஒன்றாக, நீல மையில். தகப்பன் தொழில் என்ற இடத்தில் தோட்டத் தொழிலாளி என்று இருந்தது. எழுதிய உபதேசியார் யாரென்று தெரியாது. அவர் அன்று சோம்பல்பட்டுப் பழைய பெயரை விட்டிருந்தால் எங்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. அவருக்காகத் தேவனைத் துதித்தேன்.

பட்டியல் வந்தது அதற்குப் பிறகுதான். அஸ்திவாரம் போட்டார்கள். 2022இல் நாட்டின் பொருளாதாரமே விழுந்தபோது சீமெந்து விலை ஏறி வேலை நின்றது. சுவர் வளர்ந்த வீட்டுக்குள் புல் வளர்ந்தது. அந்த வருடம் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்றதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, எல்லாரும் நின்றோம். பிறகு கூரை ஏறியது. 7 பேர்ச்சஸ் நிலத்தில் வீடு. இன்று அதில்தான் இருக்கிறோம். அம்மா வாசலில் கத்தரி போட்டிருக்கிறார், மிளகாயும் போட்டிருக்கிறார்.

காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. வரும் என்று சொல்கிறார்கள். டின்னில் அதற்கு இடம் இருக்கிறது.

எங்களோடு லயத்தில் இருந்தவர்களில் சில குடும்பங்கள் பட்டியலில் வரவில்லை. ஒரு குடும்பத்துக்குப் பெயர்ச் சிக்கல், இன்னொரு குடும்பம் அந்த நேரத்தில் கொழும்பில் இருந்தது. முதலில் வெடிப்பைக் கண்ட அந்த அக்காவும் வரவில்லை. அவர் மாரியம்மன் பக்தை. எங்கள் வீட்டுக்கு அடுப்பு மூட்டிய நாளில் மஞ்சளும் பாலும் கொண்டுவந்து, "ஒங்க சாமி ஒங்களுக்கு வழி காட்டிருச்சு, எனக்கும் சேத்து கேளு" என்றார். கேட்கிறேன். அவர் பெயரைச் சொல்லாமல் எங்கள் வீட்டு ஜெபம் முடிவதில்லை. டித்வா மழையில் அவர் மகளோடு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். பழைய லயத்தின் பின்சுவர் இப்போது இல்லை.

மண்டபங்களில் இருக்கிறவர்களுக்கு இரண்டு காரியம் சொல்ல விரும்புகிறேன்.

மழை எச்சரிக்கையை அவிசுவாசம் என்று எந்தப் பிரசங்கியார் சொன்னாலும் கேட்காதீர்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினால் எழும்பிப் போக வேண்டும். தண்ணி கலங்கினாலும், ஊற்று புதிதாகக் கிளம்பினாலும், மரம் சாய்ந்தாலும், நிலத்தில் வெடிப்புத் தெரிந்தாலும், அளவு பார்த்துக்கொண்டிருக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். நகரம் விழும் என்று எரேமியா சொன்னபோது, சமாதானம் சமாதானம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளும் இருந்தார்கள். சனத்துக்கு அவர்களைத்தான் பிடித்திருந்தது.

அடுத்தது பேப்பர். பட்டியல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் நானும் எங்கள் சபை வாலிபப் பிள்ளைகளும் மண்டபத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறோம். எந்தச் சமயத்தவரும் வரலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கலியாணப் பதிவு, தோட்டத்துச் சம்பளத் துண்டு, லயத்தை விட்டுப் போகச் சொன்ன கடிதம், இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். மண்ணில் போனது எதுவென்றாலும் அதையும் சொல்லுங்கள், பிரதி எங்கே எடுக்கலாம் என்று பார்ப்போம். பெயர் பிழையாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, முதலில் அதைத்தான் எடுப்போம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் என் அம்மா இருப்பார், கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுப்பார். அந்த அக்கா வருகிற சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.